உலகம் சுற்றும் கப்பல் என்று 22 லட்சம் கட்டினோம் – நெல்லைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஏஜென்ட்டிடம் பணம் கட்டுங்கள்

எங்களிடம் பணம் வாங்கின ஏஜென்ட் பேரைப் போடவில்லை. வழக்கு நடக்கிறது, போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வண்ணார்பேட்டை பக்கம் மாடியில் ஏசி ஆபீஸ், மேஜை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பல் பொம்மை, போனவுடன் ஏலக்காய் டீ. இவ்வளவு போதும். அங்கே பணம் கட்டியவர்களுக்குப் புரிந்துவிடும்.

நான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 63. வீட்டுக்காரி 61, முப்பது வருசத்துக்கு மேல் அரசு நர்ஸ், கடைசியாக ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தாள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகைத் தவிர வேறு எதிலும் நாங்கள் ஏறியதில்லை. சுத்தமல்லிப் பக்கம் அப்பா வைத்துப் போன கொஞ்ச நிலத்தை விற்றதில் கையில் காசு இருந்தது. பிள்ளைகளுக்கு எல்லாம் செய்து முடித்தாயிற்று. உலகத்தைச் சுற்றிவரும் கப்பலில் நாலு மாதம் இருந்துவிட்டு வந்த ஒரு தம்பதியின் வீடியோவை அவள்தான் முதலில் பார்த்தாள். ஆசை அவளுடையது, பிடிவாதம் என்னுடையது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கப்பல்கள் பெரும்பாலும் ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் இருந்தோ இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இருந்தோ கிளம்பி, மூன்று நாலு மாதம் சுற்றிவிட்டு, கிளம்பின துறைமுகத்துக்கே திரும்பி வரும். இது 1922-லேயே லகோனியா என்ற கப்பலில் ஆரம்பித்த பழைய வியாபாரம். அத்தனை நாளும் ஒரே அறை, ஒரே கட்டில். பெட்டியை ஒருதரம் பிரித்து வைத்தால் போதும், ஊர்தான் மாறும். எங்களுக்குச் சொன்ன விலை, ஜன்னல் இல்லாத உள் அறைக்கு, 120 நாளுக்கு, இரண்டு பேருக்கும் சேர்த்து 34 லட்சம். 2025 ஜனவரியில் புளோரிடாவில் ஏற வேண்டும்.

இவனிடம் ஏன் போனோம் என்றால், கப்பல் விஷயம் தெரிந்தவன் என்று மச்சான் சொன்னார். பொய் இல்லை, நிஜமாகவே தெரிந்தவன்தான். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துப் பையன்களைக் கப்பல் வேலைக்கு அனுப்புகிற தொழிலில் வருசக்கணக்காக இருந்தவன். கப்பலில் சமையல்கட்டு எங்கே இருக்கும், எந்தத் தளத்தில் ஆட்டம் குறைவு என்றெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தான். நாங்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். வேலைக்கு ஆள் அனுப்புவதும் பயணியை அனுப்புவதும் வேறு வேறு தொழில் என்பது அப்போது உறைக்கவில்லை. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருக்கிறவரிடம் போய் டிக்கெட் கன்பர்ம் ஆகுமா என்று கேட்ட கதைதான்.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் நா பாத்துக்கிடுதேன். நீங்க பெட்டியக் கட்டுங்க, போதும்." இதுதான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது.

2024 ஜூலையில் 8 லட்சம், ஆகஸ்டில் 14 லட்சம். மீதி 12 லட்சத்தை டிசம்பரில் கொடுத்தால் போதும் என்றான். அந்தத் தாராளத்தில்தான் நான் விழுந்தேன். இப்போது யோசித்தால் அதுதான் முதல் அறிகுறி. இந்த மாதிரிப் பெரிய பயணங்களுக்குக் கப்பல் கம்பெனி முழுப் பணத்தையும் கிளம்புவதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே வாங்கிவிடும். கடைசி மாதம் வரைக்கும் காத்திருக்கிற ஒரே ஆள், கம்பெனிக்குப் பணம் கட்டப் போகாதவன்தான்.

டிசிஎஸ் என்று தனியாக 2,30,000 வாங்கினான். டூர் விற்கிறவர் நம்மிடம் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரி அது. கணக்கு சரியான கணக்குதான். அப்போதிருந்த விதிப்படி வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஒரு ஆளுக்கு ஏழு லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். எங்களில் ஆளுக்கு 11 லட்சம் என்றால் 35,000 கூட்டல் 80,000. எங்கள் ஆடிட்டரிடமே கேட்டேன், அவரும் கணக்கு சரி என்றார், வரி ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஆனால் அந்தப் பணத்தை யாரோ ஒருத்தர் பேரில் இருந்த சேமிப்புக் கணக்குக்கு அனுப்பச் சொன்னான், "அது டாக்ஸ் அக்கவுண்ட் அண்ணாச்சி" என்றான், நானும் அனுப்பினேன். இத்தனை வருசம் அரசாங்க வேலை பார்த்தவன் நான். வரி வசூலிக்கிறவன் தனி ஆள் கணக்கில் வாங்குவானா என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை.

ஆகஸ்டிலேயே இரண்டு பாஸ்போர்ட்டையும் விசா வேலைக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டான். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பணத்தை விட இதில்தான் நிறையப் பேர் மாட்டுவார்கள். அந்தக் கப்பல்களில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள், பிரிட்டிஷ்காரர்கள். பாதி ஊருக்கு அவர்களுக்கு விசாவே வேண்டாம். நம் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வேண்டும், போய்விட்டுத் திரும்ப நுழைகிற இடத்துக்கு மல்டிபிள் என்ட்ரியாக வேண்டும். இதெல்லாம் பயணியின் பொறுப்பு என்று கப்பல் கம்பெனி எழுதியே வைத்திருக்கும். நடுவில் ஒரு ஊர் விசா இல்லை என்றாலும் முதல் துறைமுகத்திலேயே ஏறவிடாமல் நிறுத்தலாம். எங்கள் கப்பல் கிளம்புவது அமெரிக்காவில். முதல்முறை கேட்கிறவர்கள் நேர்காணலுக்குத் தாங்களே போய் நிற்க வேண்டும், அப்போது சென்னையில் அதற்குத் தேதி கிடைக்கப் பல மாதம் ஆகிற நேரம். அப்படியென்றால் ஆகஸ்டில் 14 லட்சம் வாங்கும்போதே, ஜனவரியில் நாங்கள் ஏறுவது கஷ்டம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "தேதி விழுந்துரும், சென்னைல நம்மாளு இருக்கான்" என்றான்.

செப்டம்பரில் ஒருநாள் போன் பண்ணி, ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்குப் போட்டாச்சு என்று சொன்னான். கப்பல் ஐரோப்பாவைத் தொடுவது ஏப்ரலில். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவே முடியாது. இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு அல்வா வாங்கிக்கொண்டு போய் அவன் ஆபீஸில் எல்லாருக்கும் கொடுத்தேன்.

மாட்டியது ஊசியில்.

செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு நிறைய உல்லாசக் கப்பல்கள் சூயஸ் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. எங்களுக்குக் கொடுத்த பாதையிலும் அப்படித்தான், நடுவில் கானா நாடு இருந்தது. அங்கே இறங்க மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அக்டோபர் கடைசியில் இரண்டு மஞ்சள் புத்தகத்தை நீட்டி, ஆளுக்கு மூவாயிரம் என்றான். வயதானவர்களுக்கு அந்த ஊசி ஆகாது அண்ணாச்சி, நம்ம ஆள் மூலமா கார்டு மட்டும் வாங்கிட்டேன் என்றான். எனக்கு ஊசி என்றால் பயம், சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் புரட்டினாள். ஆயுசு முழுக்க ஊசி போட்டவள். முதலில் பேட்ச் நம்பரைப் பார்த்தாள், அப்புறம் கையெழுத்தைப் பார்த்தாள், அப்புறம் தேதியைப் பார்த்தாள்.

"ஏங்க, 13-10 அன்னிக்கு என்ன கிழமை?"

நான் காலண்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை.

"விஜயதசமிக்கு மறுநாள். நாம குலசையில சூரசம்ஹாரம் பாத்துட்டு விடிய விடிய வந்து படுத்தோம்லா? அன்னிக்கு நமக்குச் சென்னைல ஊசி போட்டிருக்கானாம். ஊசி போடாம எதுக்குங்க கார்டு? நான் இதோட கப்பல் ஏற மாட்டேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் தூத்துக்குடி போனோம். தமிழ்நாட்டில் இந்த ஊசிக்கு அரசு அனுமதித்த இடம் மூன்றுதான்: கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னை துறைமுகம், தூத்துக்குடி துறைமுகம். நமக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற விஷயத்துக்கு நான் ஆறாயிரம் கொடுத்து பொய்க் கார்டு வாங்கியிருக்கிறேன். அங்கே இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை எங்க வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே எனக்கு வேர்த்துவிட்டது. அறுபது தாண்டியவர்களுக்குப் பக்க விளைவு அதிகம் என்பது உண்மைதான், அதனால் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், போட்டால் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், ஒருதரம் போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒன்றுதான் கேட்டாள். கார்டே பொய்யென்றால் கப்பல்?

மகன் பெங்களூரில் இருந்து அன்று இரவே கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் எங்கள் புக்கிங் நம்பரையும் பேரையும் போட்டுப் பார்த்தான். இல்லை என்று வந்தது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். நாலு நாளில் பதில்: முன்பணம் மட்டும் வந்தது, முழுப் பணம் செப்டம்பரில் வர வேண்டியது வரவில்லை, அதனால் ரத்து. ஜூலையில் நம்பர் கையில் வந்த அன்றைக்கே இந்த இரண்டு நிமிஷ வேலையைச் செய்து, அப்புறம் மாதம் ஒருதரம் பார்த்துக்கொண்டே வந்திருக்கலாம். ஆடிட்டர் 26ஏஎஸ், அதாவது நம் பேரில் கட்டின வரியைக் காட்டுகிற வருமான வரித் துறைப் பட்டியல், எடுத்துப் பார்த்தார். ஜூலை, ஆகஸ்டில் பிடித்த டிசிஎஸ் அக்டோபர் பாதிக்குள் கணக்குக் காட்டியிருக்க வேண்டும், என் பேரிலும் இல்லை, அவள் பேரிலும் இல்லை.

முழுத் திருடன் என்று அவனைச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை, அதுதான் எரிச்சல். முன்பணத்தை நிஜமாகவே கட்டியிருக்கிறான். எங்கள் 14 லட்சத்தில் அவனிடம் ஏற்கெனவே மாட்டியிருந்த வேறு யாருக்கோ டிக்கெட் எடுத்திருக்கிறான், அடுத்து வருகிற ஆளின் பணத்தில் எங்களுக்குக் கட்டலாம் என்று நினைத்திருக்கிறான், அடுத்த ஆள் வரவில்லை. அவனே சொன்னது இது. ஆபீஸில் போய் உட்கார்ந்தபோது அன்றைக்கும் ஏலக்காய் டீ வந்தது. "ஒரு வாரம் டைம் குடுங்க அண்ணாச்சி, உங்க தம்பி மாதிரி நெனச்சுக்கிடுங்க." நான் எழுந்து வரத்தான் பார்த்தேன். அவள் அசையவில்லை. "பாஸ்போர்ட்ட எடுங்க தம்பி, அது அரசாங்கச் சொத்து, எடுத்துட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டுக் காலை பதினோரு மணியில் இருந்து சாயங்காலம் நாலு மணி வரை அந்தக் கப்பல் பொம்மையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவன் மேஜை டிராயரில் இருந்தே இரண்டையும் எடுத்துக் கொடுத்தான். ரப்பர் பேண்டுகூடப் பிரிக்கவில்லை. விசா ஆபீஸ் எதற்கும் அவை போகவே இல்லை.

சில்லறைப் பொய்களும் உண்டு. எல்லாம் உள்ளடக்கம் என்றான். கப்பலில் பணியாளர் டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர் வாக்கில் தானாகவே கணக்கில் ஏறும், 120 நாளுக்கு இரண்டு பேருக்கு மூன்று லட்சத்துக்கு மேல் வருகிறது. டீ போட கெட்டில் வாங்கச் சொன்னான், சூடாக்குகிற சாமானைப் பெரும்பாலான கப்பல்களில் ஏறும்போதே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸ் ஒரு வருசத்துக்கு எடுத்துக் கொடுத்தான், 120 நாளுக்கு ஒரு வருசம் தாராளம்தானே என்று நாங்களும் நினைத்தோம். மகன் படித்துப் பார்த்தால் அது அடிக்கடி பறக்கிற ஆட்களுக்கான பாலிசி, ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் 45 நாள். நாற்பத்தாறாவது நாள் நடுக்கடலில் எனக்கு நெஞ்சு வலித்தால் ஹெலிகாப்டர் காசு என் கையில் இருந்து போக வேண்டும். போதாததற்கு எனக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதை விண்ணப்பத்தில் எழுதவே இல்லை, "எழுதினா பிரீமியம் கூடும்லா" என்றான்.

இதுவரை வந்தது 6 லட்சம். மூன்று செக் கொடுத்தான், அதில் இரண்டுதான் பாஸானது. திரும்பின செக்குக்கு முப்பது நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும், விட்டாயிற்று. போலீஸில் புகார் தனி. நுகர்வோர் ஆணையத்தில் நம் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த பணம் 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், எங்கள் தொகைக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான். இரண்டு வருசத்துக்குள் போட வேண்டும், அதனால் "அடுத்த வாரம் அண்ணாச்சி" என்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

இன்னும் நாலைந்து பேர் இதே ஆளிடம் கட்டியிருப்பதாகக் கேள்வி, ஒருவர் தென்காசியில் இருந்து போன் பண்ணினார். அந்த "டாக்ஸ் அக்கவுண்ட்டுக்கு" நீங்களும் பணம் அனுப்பியிருந்தால், வங்கி ஸ்டேட்மென்ட்டையும் அவன் அனுப்பின வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். எல்லாரையும் சேர்த்துப் போடலாமா என்று வக்கீல் யோசித்துக்கொண்டிருக்கிறார்.