தைப்பூசப் பந்தலில் வாக்கி டாக்கி: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

பினாங்கு தண்ணீர்மலையில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் குழு ஒன்றில் இருக்கிறேன். எங்களுக்கு வாக்கி டாக்கி தேவைப்பட்டது ஒரே காரணத்துக்காகத்தான். தேர் வரும் நாளிலும் தைப்பூசத்தன்றும் அந்த வட்டாரத்தில் கைப்பேசியை நம்ப முடியாது. திரையில் சிக்னல் முழுதாகக் காட்டும், ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி கடிகாரக் குறியோடு அப்படியே நிற்கும். கால் மணி நேரம் கழித்து ஐந்தாறு செய்தி மொத்தமாக வந்து கொட்டும். அதற்குள் மோர் தீர்ந்திருக்கும்.

மலேசியாவில் தனி உரிமம் எடுக்காமல் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய வாக்கி டாக்கி என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகையைக் காட்டுவார்கள். முதலாவது பிஎம்ஆர் 446. இதில் 446.00625 முதல் 446.09375 மெகாஹெர்ட்ஸ் வரை 8 சேனல், சக்தி அரை வாட். இரண்டாவது 477 மெகாஹெர்ட்ஸ் வகை. 477.0125 முதல் 477.4875 வரை 39 சேனல், 5 வாட் வரை போகலாம். இரண்டுக்கும் விண்ணப்பமும் கிடையாது, வருடக் கட்டணமும் கிடையாது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இவற்றை எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கி வைத்திருக்கிறது. கருவி சிரிம் என்ற மலேசியத் தர அமைப்பின் சான்று பெற்றதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்களிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. பந்தலுக்குள் அரை வாட், தேரோடு நடப்பவர்களுக்கும் லோரி ஓட்டுபவருக்கும் 5 வாட்.

தூரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். அட்டைப் பெட்டியில் 8 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். இந்த அலைவரிசை நேர்பார்வையில் போகும் சாதி. நடுவில் குன்று வந்தால் முடிந்தது கதை. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளுக்கு நடுவே அரை வாட் கருவி சில தெருக்களைத் தாண்டுவதே பெரிய விஷயம். 5 வாட் என்றால் பத்து மடங்கு சக்தி, ஆனால் பத்து மடங்கு தூரம் கிடைக்காது. தடையே இல்லாத வெளியில் கணக்குப்படி மூன்று மடங்குக்குச் சற்று மேல். கட்டடங்களுக்கு நடுவே இரண்டு மடங்கு வந்தாலே அதிர்ஷ்டம். பினாங்குத் தெருவிலிருந்து தேர் கிளம்பும்போது அதோடு போகிறவர் பேசுவது தண்ணீர்மலைப் பந்தலுக்குக் கேட்காது. 5 வாட்டிலும் கேட்காது. தேர் பாதி வழி வந்த பிறகுதான் இரைச்சலுக்கு நடுவே குரல் எட்டிப் பார்க்கும். அதுவரை கைப்பேசிதான். அந்த நேரத்தில் பந்தல் பக்கம் கூட்டம் குறைவு என்பதால் அது ஒழுங்காகவே வேலை செய்யும்.

தூரத்தைவிட உயரம் முக்கியம். தண்ணீர்மலை மேலிருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளில் ஏறுகிறவரிடம் கருவி இருந்தால், கீழே சாலை கண்ணுக்குத் தெரியும் இடத்திலெல்லாம் அரை வாட்டே கணீரென்று கேட்கும். மரமும் பாறையும் மறைக்கும் வளைவில் இரண்டடி தள்ளி நின்றால் சரியாகிவிடும். பந்தலிலும் அப்படித்தான். மேசைக்கடியில், ஐஸ் பெட்டிக்குப் பின்னால் வைத்த கருவிக்கு ஒன்றும் கேட்காது. நாங்கள் பந்தல் கம்பத்தில் தலைக்கு மேல் உயரத்தில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, ஒயரோடு கூடிய மைக்கைக் கீழே இறக்கிவிட்டோம். செலவில்லாத வேலை, வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

ஆனால் பந்தலில் எங்களை அலைக்கழித்தது தூரம் இல்லை, சத்தம். ஒரு பக்கம் உறுமி மேளம், எதிர்ப் பந்தலில் ஆளுயர ஒலிபெருக்கி, தேர் நெருங்க நெருங்கச் சாலையில் சிதறுதேங்காய். இந்தக் கருவிகளில் வாக்ஸ் என்று ஒரு வசதி உண்டு. பட்டனை அழுத்தாமலே குரல் கேட்டதும் தானாக ஒலிபரப்பும். இரண்டு கையிலும் சாப்பாட்டுத் தட்டு வைத்திருப்பவருக்கு வசதி என்று தோன்றும். தைப்பூசத்தில் அதைத் தொடவே கூடாது. உறுமிச் சத்தம் பட்டதும் கருவி திறந்துகொள்ளும், மேளம் ஓயும்வரை மூடாது. அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. எங்கள் குழுவில் ஒரு தம்பியின் கருவியில் இது தெரியாமல் ஆன் ஆகி, ஒரு காவடி கடந்து போகும் வரைக்கும் எல்லோருடைய இடுப்பிலும் அதே மேளம். அப்புறம் எல்லாக் கருவியிலும் வாக்ஸை அணைத்து, பட்டன் பூட்டும் போட்டுத்தான் கையில் கொடுக்கிறோம்.

காதில் மாட்டும் இயர்பீஸ் கட்டாயம் வேண்டும். கருவியோடு வருவது வியர்வையில் ஒரே நாளில் வழுக்கி விழும். காதைச் சுற்றி வளைத்து மாட்டும் வகையைத் தனியாக வாங்குங்கள், கருவியில் செருகும் முனையில் இரண்டு ஊசி உள்ளதா ஒரு ஊசி உள்ளதா என்று பார்த்து. சிறிய பிஎம்ஆர் கருவிகள் பலவற்றில் ஒரு ஊசிதான்.

இன்னொரு விஷயம், பேசும் விதம். பட்டனை அழுத்தியதும் ஒலிபரப்பு துவங்க ஒரு கணம் பிடிக்கும். அதற்குள் பேசினால் முதல் அசை போய்விடும். விரலைச் சீக்கிரம் எடுத்தால் கடைசி அசை போய்விடும். நம் பேச்சில் ஆமா இல்லை என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. "ஐஸ் வேணாம்" என்று ஒருவர் சொல்ல, லோரியில் இருந்த அண்ணனுக்கு "ஐஸ் வே" வரைக்கும்தான் கேட்டது. ஏற்கெனவே நிரம்பிய பெட்டிக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு மூட்டை ஐஸ் வந்து இறங்கியது. இப்போது எங்களுக்குள் 'வேணாம்' கிடையாது, 'போதும்' மட்டும்தான். பாதி கேட்டாலும் புரிந்துவிடும். கூப்பிடும்போது பெயரை இரண்டு தடவை சொல்கிறோம்: "மோர் மேசை, மோர் மேசை, அக்கா இருக்கீங்களா?" சினிமாவில் வருகிற 'ரோஜர்' எல்லாம் முதல் ஒரு மணி நேரம் விளையாட்டுக்கு ஓடும், பிறகு தானாக ஓய்ந்துவிடும்.

பேச்சு ரகசியமாக இருக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். '38 ரகசியக் குறியீடு' என்று விற்பது வெறும் துணை ஒலி. நம் கருவியில் அதே ஒலி வராத பேச்சை அது நமக்கு அடைத்து வைக்கும், அவ்வளவே. நாம் பேசுவதை மற்றவர்கள் தாராளமாகக் கேட்கலாம். அடைத்து வைப்பதால் மற்றவர் இல்லாமல் போய்விடவும் இல்லை. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும், இல்லாவிட்டால் இரண்டும் கலந்து கிறீச்சென்று கத்தும். கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ரயிலில் ஏறிப் போனபோது இது நன்றாகப் புரிந்தது. 700 மீட்டருக்கு மேலான உயரத்தில், நீரிணைக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தும் பிறையும் கண்ணுக்கு நேரே விரிந்து கிடக்கும் இடம். துணை ஒலியை எடுத்துவிட்டுக் கேட்டால் கார் நிறுத்துமிடக் காவலர், கட்டுமானத் தளம், யாரோ வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு, மலாயும் ஹொக்கியன் சீனமும் என்று ஒரே சந்தை. அங்கிருந்து நாம் பேசினாலும் அத்தனை பேர் மீதும் போய் விழும். உயரத்தில் நின்று அரட்டை அடிக்காதீர்கள். இது பொதுச் சேனல், யாருக்கும் முன்னுரிமை இல்லை. சேனல் 1 எப்போதும் நெரிசல், ஏனென்றால் பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் அதில்தான் பேசுகிறார்கள். நாங்கள் முதல் நாள் மாலையே போய்க் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, காலியாக இருப்பதில் ஒன்றையும் மாற்றாக இன்னொன்றையும் குறித்துக்கொள்வோம்.

பேட்டரியில்தான் எனக்குக் குறை. அரை வாட் கருவிகள் மூன்று சிறிய ஏஏஏ பேட்டரியில் ஓடுபவை. காலையில் போட்டால் மாலைக்குள் சோர்ந்துவிடும், ஆனால் எந்த மளிகைக் கடையிலும் மாற்று கிடைக்கும். 5 வாட் கருவியின் லித்தியம் பேட்டரி நாள் முழுக்க நிற்கும், தீர்ந்தால் சார்ஜர் தொட்டிலில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பந்தலில் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து, அதில் இடம் கிடைக்கச் சட்னி அரைக்கும் மிக்சியோடு சண்டை போட வேண்டும். எங்கள் வழி, 5 வாட் கருவியையும் பெரும்பாலும் குறைந்த சக்தியில் வைத்து, எட்டாதபோது மட்டும் ஏற்றுவது. விழா முடிந்ததும் ஏஏஏ பேட்டரிகளைக் கழற்றி விடுங்கள். வருடம் முழுக்க அலமாரியில் கிடந்தால் அது கசிந்து உள்ளே பச்சை பிடிக்கும். இடுப்பில் மாட்டும் கிளிப் எந்தக் கருவியிலும் உருப்படியாக இல்லை. கழுத்தில் கயிறு போட்டுக்கொள்வதே மேல்.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பாவ்ஃபெங் மாதிரியான திறந்த கருவிகள் மலிவு என்பதால் நண்பர்கள் சிபாரிசு செய்வார்கள். அவற்றில் எந்த அலைவரிசையையும் தட்டிவிடலாம், உரிமம் பெற்ற மற்றவர்களுடையது உட்பட. அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி 9டபிள்யூ2, 9எம்2 என்று துவங்கும் அழைப்புக் குறி வாங்கியவர்களுக்கு அது அவர்களுக்கான அலைவரிசையில் பேச உதவும். பந்தலுக்கு வேண்டாம். அடுத்தது, 'நாடு முழுக்கப் பேசலாம்' என்று சிம் கார்டு போட்டு விற்கும் வாக்கி டாக்கி. அது கைப்பேசி வலையில் ஓடுவது. நெடுஞ்சாலையில் அருமை, தைப்பூசத்தில் கைப்பேசி மூச்சுத் திணறும் அதே நேரத்தில் அதுவும் திணறும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவதும் ஒத்துவராது. அமெரிக்காவில் விற்பது 462, 467 மெகாஹெர்ட்ஸ். ஆஸ்திரேலியாவின் 80 சேனல் கருவி பேருக்கு 477 என்றாலும் 477.4125 இல் முடிந்துவிடுகிறது, அதன் சேனல் வரிசை நம்முடையதோடு பொருந்தாது. தாய்லாந்தில் பொதுமக்களுக்கு 245 மெகாஹெர்ட்ஸ், ஆகவே ஹாட்யாய்ப் பயணங்களில் எங்கள் கருவிகள் எல்லைக்கு இந்தப் பக்கமே இருந்துவிடும்.

மற்ற நாட்களில் எங்கே உதவுகிறது? இரண்டு மூன்று கார் சேர்ந்து ஈப்போ பக்கம் போகும்போது 5 வாட் கருவி நன்றாக இருக்கிறது. பினாங்குப் பாலத்தின் மேல் கடலைத் தவிர குறுக்கே எதுவும் இல்லாததால் முன்னால் போகிற காரின் குரல் பக்கத்து இருக்கையிலிருந்து வருவது போல இருக்கும். பத்து ஃபெரிங்கியிலிருந்து தெலுக் பஹாங் போகும் வளைவுச் சாலையில் அடுத்த திருப்பத்திலேயே அறுந்துபோகும். காருக்குள் இருந்து பேசினால் இரும்புக் கூடு பாதியை விழுங்கிவிடும், சன்னலோரமாகப் பிடிக்க வேண்டும். பேசுவது பக்கத்தில் இருப்பவராக இருக்கட்டும், ஓட்டுபவர் வேண்டாம்.

புதிதாகத் துவங்கும் பந்தல் குழுவுக்கு என் யோசனை: எல்லாருக்கும் 5 வாட் வாங்காதீர்கள். பந்தலுக்குள் அரை வாட் ஜோடிகள், லோரிக்கும் தேருக்கும் மட்டும் 477, இரண்டு வகையும் ஒன்றோடொன்று பேசாது என்பதால் பந்தல் கம்பத்துக்கருகே இரண்டையும் கேட்கிற ஒரு ஆள். அந்த ஆளுக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள், மோர் ஊற்றுவது உட்பட. வரும் வருடத்துக்கு நாங்கள் புதுக் கருவி வாங்கவில்லை. கூடுதல் லித்தியம் பேட்டரிகளும் நல்ல இயர்பீஸும் மட்டும்தான் பட்டியலில்.