மூடிய மோட்டாரா, பிரித்துக் கட்டும் மோட்டாரா? நிக்கலா, லிப்போவா? செம்மண் தரையில் ஓடும் ரேடியோ ரேஸ் கார்களுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

பத்தில் ஒரு பங்கு அளவில் வரும் ரேடியோ ரேஸ் கார்களில் பிரஷ்லெஸ் மோட்டார் நுழைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும், சுழலும் பகுதியில் உரசிக் கரண்ட் கொடுக்கும் சிறு கார்பன் துண்டுகளான பிரஷ்களைக் கொண்ட பழைய வகை மோட்டார் விடைபெற்றுவிடவில்லை. விலை குறைவு, அதற்கான ஸ்பீடு கன்ட்ரோலரும் மலிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றிப் பார்த்தால் பழுது எங்கே என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்தகைய காரை வைத்திருப்பவர் முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. மோட்டார் மூடிய டப்பாவாக இருக்க வேண்டுமா, பிரஷ்ஷை மாற்றி, அது உரசும் செப்பு உருளையான கம்யூட்டேட்டரைக் கடைந்து திரும்பத் திரும்பக் கட்டும் வகையாக இருக்க வேண்டுமா என்பது முதலாவது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியா, லித்தியம் பாலிமர் (லிப்போ) பேட்டரியா என்பது இரண்டாவது. இவற்றைத் தனித்தனியாக அலசுவதே வழக்கம். ஆனால் ஒன்றைத் தீர்மானித்தவுடன் மற்றதும் பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதால், இங்கே இரண்டையும் ஜோடியாகவே எடைபோடுகிறேன்.

மோட்டார்

மூடிய டப்பா என்று நான் குறிப்பிடுவது, பெரும்பாலான கார்களோடு பெட்டியிலேயே வரும் 540 அளவு வெள்ளி நிற மோட்டாரை. சுமார் 36 மில்லிமீட்டர் விட்டம், ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் நீளம், உள்ளே மூன்று துருவ ஆர்மேச்சர் (காயில் சுற்றிய சுழலும் பகுதி), இரு பக்கமும் ஃபெரைட் காந்தம். டாமியா நிறுவனம் 1976-இல் தன் முதல் ரேடியோ காரான போர்ஷே 934-ஐ வெளியிட்ட காலத்திலிருந்தே இந்த உருவம் அதிகம் மாறவில்லை. இதன் பின்மூடியைத் தகட்டை மடித்தே பூட்டியிருப்பார்கள். பிரஷ் தேய்ந்தால் மாற்ற வழியில்லை. பேரிங்குக்குப் பதிலாக எண்ணெய் ஊறிய புஷ்தான் இருக்கும். டைமிங்கும், அதாவது காந்தங்களுக்கு எந்தக் கோணத்தில் பிரஷ் நிற்கிறது என்பதும், தொழிற்சாலையில் வைத்தது வைத்ததுதான். பராமரிப்பு என்றால் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுவதும், இரு முனைப் புஷ்களிலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும்தான். எண்ணெய் விஷயத்தில் தாராளம் காட்டக் கூடாது. மிகுந்த எண்ணெய் கம்யூட்டேட்டருக்கு வழிந்து கார்பன் தூளோடு குழம்பி, கரிய பசையாகப் படிந்துவிடும்.

பிரித்துக் கட்டும் வகையில் பின்மூடி திருகாணிகளால் பிடிக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கை விலக்கிப் பிரஷ்ஷை உருவலாம், மூடியைச் சற்றே திருப்பி டைமிங்கைக் கூட்டிக் குறைக்கலாம், பேரிங்கையும் மாற்றலாம். காயிலில் எத்தனை சுற்று என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம்: சுற்று குறையக் குறையக் கம்பி தடிக்கும், மின்தடை குறையும், வேகமும் கரண்டும் ஏறும். இதற்கு ஈடாக அது கேட்பது நம் நேரத்தை. ஒவ்வொரு பந்தய நாளின் முடிவிலும் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

திறந்தால் என்ன தெரியும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரு வகைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நன்றாக ஓடிய கம்யூட்டேட்டரின் மூன்று செப்புப் பட்டைகளிலும் மெல்லிய பழுப்புப் படலம் சீராகப் படிந்திருக்கும். பட்டையின் ஒரு விளிம்பு மட்டும் கருகியிருந்தால், பிரஷ் அந்த இடத்தில் துள்ளிப் பொறி விட்டிருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கம்யூட்டேட்டர் வட்டம் குலைந்திருக்கலாம். பிரஷ்ஷின் முகம் நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டின் அடையாளம். அந்தப் பிரஷ்ஷை மீண்டும் போடாமல், கூடவே ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் பிரஷ் அந்த அளவுக்குச் சூடாகும்போது ஸ்பிரிங்கின் விறைப்பும் போயிருக்கும். பட்டைகளுக்கு இடையிலுள்ள மூன்று பிளவுகளில் கார்பனும் செம்புத் தூளும் அடைந்து ஒரு பட்டையை இன்னொன்றோடு இணைத்துவிட்டால், ஓட்டத்துக்குப் பயன்பட வேண்டிய கரண்ட் குறுக்கே பாய்ந்து சூடாக மட்டுமே செலவாகும். பல்குச்சியாலோ பழைய பிளேடின் முனையாலோ அந்தப் பிளவுகளை வழித்தெடுப்பது ஐந்து நிமிட வேலைதான். மூடிய மோட்டாரில் அந்த ஐந்து நிமிடத்துக்கு இடமே இல்லை.

நம் தரை இந்த வேறுபாட்டை இன்னும் பெரிதாக்குகிறது. தருமபுரி பக்கச் செம்மண் மாவு போல நுண்ணியது. மோட்டாரின் காற்றுத் துளைக்குள் தடையின்றிப் போகும். அந்த மண்ணில் காந்தத்தைப் புரட்டினால் கருமணல் ஒட்டிக்கொண்டு வருவதைச் சிறுவயதில் பலரும் பார்த்திருப்போம். அதே கருமணல்தான் மோட்டாருக்குள் காந்தத்தின் விளிம்புகளில் மயிர் முளைத்ததுபோலக் கூர்கூராக நிற்கும். கிரானைட் அறுக்கும் பட்டறைகள் உள்ள பகுதிகளில் வேறொரு தொல்லை உண்டு: கல்தூசியிலுள்ள குவார்ட்ஸ் செம்பைவிடப் பல மடங்கு கடினமானது. பிரஷ்ஷுக்கும் பட்டைக்கும் நடுவே அது சிக்கினால் கம்யூட்டேட்டரில் இசைத்தட்டைப் போல வரிவரியாகக் கோடு விழும். கோடு விழுந்த கம்யூட்டேட்டருக்கு ஒரே மருந்து கடைசல்தான்.

இயந்திரத் தொழிலுக்குப் பேர்பெற்ற ஓசூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. எனவே கடைசல் எளிது என்று தோன்றும். ஆனால் புதிதில் ஏறக்குறைய ஏழரை மில்லிமீட்டர் விட்டமே உள்ள கம்யூட்டேட்டரைச் சாதாரண லேத்தின் சக்கில் பிடித்துக் கடைந்தால் வட்டம் சரியாக வராது. சிப்காட் அருகே பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஆர்மேச்சரை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, சக்குல புடிச்சா கண்டிப்பா ஆட்டம் இருக்கும். இது எந்த பேரிங்குல சுத்துதோ, அந்த எடத்துலயே தாங்கிக் கடையணும்" என்றார். சொன்னது அப்பட்டமான உண்மை. இதற்கென்றே வரும் சிறிய கம்யூட்டேட்டர் லேத்தில், ஆர்மேச்சரின் இரு முனைகளும் பேரிங் உட்காரும் இடத்திலேயே வி வடிவத் தாங்கிகளில் கிடக்கும். ரப்பர் வளையம் அதைச் சுழற்றும். கார்பைடு அல்லது வைர முனை, ஒரு தடவைக்கு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு மட்டும் சீவும். சீவல் மூன்று பட்டைகளிலும் பளபளவென்று சீராக ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். விட்டம் ஏழு மில்லிமீட்டரை நெருங்கினால் அந்த ஆர்மேச்சருக்கு ஓய்வு கொடுக்கலாம். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு லேத்தைப் பொதுவில் வாங்க முடியாத ஊரில், பிரித்துக் கட்டும் மோட்டாரின் அனுகூலங்கள் பாதியாகக் குறைந்துவிடும் என்பதை வாங்கும் முன்பே கணக்கில் கொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் வைண்டிங் கடைகளில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக் கொடுப்பார்கள். அது அழுக்கை எடுக்குமே தவிர, குலைந்த வட்டத்தை மீட்டுத் தராது.

புது மோட்டாரைப் பழக்கும் முறையிலும் இரண்டும் பிரிகின்றன. பிரஷ்ஷின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பப் படியும்வரை, இரண்டு அல்லது மூன்று வோல்ட்டில் சுமையில்லாமல் ஓடவிடுவது பொதுவான முறை. மூடிய மோட்டாரைத் தண்ணீரில் மூழ்கவைத்து ஓட்டிச் சில நிமிடங்களில் பழக்கிவிடுபவர்களும் உண்டு. தேய்ந்த கார்பனைத் தண்ணீரே அடித்துக்கொண்டு போவதால் அது வேகமாக நடக்கிறது. உடனே உலர்த்திப் புஷ்களுக்கு எண்ணெய் விட்டால் பெரிய தீங்கில்லை. பிரித்துக் கட்டும் மோட்டாருக்கு இந்தக் குறுக்கு வழி தேவையே இல்லை. பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்தால் துருதான் மிச்சம்.

பேட்டரி

நிக்கல் பேட்டரியில் ஆறு செல், செல்லுக்கு 1.2 வோல்ட், மொத்தம் 7.2 வோல்ட். லிப்போவில் இரண்டு செல், செல்லுக்கு 3.7 வீதம் 7.4 வோல்ட். இந்தச் சிறு வித்தியாசத்தைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையிலும் இரண்டுமே 8.4 வோல்ட்டை ஒட்டித்தான் நிற்கும். வேறுபாடு தெரிவது ஆக்சிலேட்டரை அழுத்திய பிறகுதான்: நிக்கல் சட்டென்று இறங்கி ஏழுக்குப் பக்கத்தில் தவழும், லிப்போவோ ஓட்டத்தின் பெரும்பகுதியில் அதைவிட மேலேயே நின்று கரண்டைக் கொட்டும். போதாததற்கு எடையும் குறைவு.

பராமரிப்பில் நிக்கல் பொறுமைசாலி. சற்றே அதிகமாகக் காலியானாலும் உடனே சாகாது, தீப்பிடிக்கும் அச்சமும் குறைவு. ஆனால் சும்மா வைத்திருந்தாலே சாதாரண நிக்கல் செல் மாதத்துக்கு இருபது, முப்பது சதவீதம் இழந்துவிடும். ஆகவே பந்தயத்துக்கு முந்தைய இரவோ அன்று காலையோ சார்ஜ் ஏற்றியாக வேண்டும். சார்ஜர், மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டு மிகச் சிறிதளவு சரிவதைக் கண்டுபிடித்துத்தான் நிறுத்துகிறது. ஓடி முடித்த சூட்டோடு செருகினால் அந்தச் சரிவைச் சார்ஜர் தவறாகப் புரிந்துகொண்டு முன்னதாகவே நிறுத்தலாம், அல்லது கவனிக்காமல் ஏற்றிக்கொண்டே போய்ப் பேட்டரியைக் கொதிக்கவிடலாம். தருமபுரிச் சித்திரை வெயிலில் "ஆறட்டும்" என்று காத்திருப்பதற்கு நிழலும் விசிறியும் வேண்டும்.

லிப்போ பொறுத்துக்கொள்ளாது. செல் 3.0 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது, 3.3 வோல்ட் அளவிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. பழைய பிரஷ் ஸ்பீடு கன்ட்ரோலர்கள் பலவற்றில் இந்த எல்லையில் நிறுத்தும் வசதி கிடையாது, ஏனென்றால் அவை நிக்கலுக்காகச் செய்யப்பட்டவை. அத்தகைய காரில் லிப்போ மாட்டுவதானால், செல் மின்னழுத்தம் குறைந்ததும் கூவும் சிறிய அலாரத்தை, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகத் தொடும் பேலன்ஸ் இணைப்பில் செருகியே ஓட்ட வேண்டும். சார்ஜ் ஏற்றுவது செல்களைச் சமமாக நிரப்பும் பேலன்ஸ் முறையில், பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமமான கரண்டில். 4000 எம்ஏஹெச் என்றால் 4 ஆம்பியர். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டும்; முழுச் சார்ஜில் பீரோவில் கிடக்கும் லிப்போ மெல்ல உப்பத் தொடங்கும். உப்பியதைக் குத்திப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டுக்கடியிலும் வைக்க வேண்டாம். நம்மூரில் நடக்கக்கூடிய தவறுகளில் மோசமானது இதுதான். கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்ட லிப்போவை மட்டுமே காருக்கு வாங்க வேண்டும், ஏனென்றால் கல்லில் மோதிக் கவிழும்போது உறையில்லாத லிப்போ நசுங்கிவிடும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற மூன்றாவது வகையும் உண்டு. இரண்டு செல் சேர்ந்து 6.6 வோல்ட், பாதுகாப்பானது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதே எடைக்கு ஓட்ட நேரம் குறைவு என்பதால், பந்தயத்துக்கு அதை நான் முதல் வரிசையில் வைக்க மாட்டேன்.

இணைப்பான் பற்றியும் ஒரு வார்த்தை. நிக்கல் பேட்டரிகளோடு பரவலாக வரும் வெள்ளை நிறப் பழைய பிளக், குறைந்த சுற்று மோட்டார் இழுக்கும் கரண்டில் சூடாகி இளகும். எந்தப் பேட்டரியாக இருந்தாலும் அதை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸ்டி60 போன்ற தடித்த முனையுள்ள ஒன்றை ஈயம் வைத்துப் பற்றிக்கொள்வது சிறந்தது.

ஜோடி சேர்க்கும்போது

சூட்டின் கணக்கு இங்கேதான் கைகொடுக்கும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். ஃபெரைட் காந்தத்தின் வலு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.2 சதவீதம் இறங்கும். மோட்டார் 50 டிகிரி சூடேறினால் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, காந்தம் பத்தில் ஒரு பங்கு சோர்கிறது. அதே இழுவிசையைத் தர மோட்டார் அதிகக் கரண்ட் கேட்கும். காயிலில் வீணாகும் சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். சூடு மேலும் சூட்டை வளர்க்கும் இந்தச் சுழலுக்கு ஆரம்பப் புள்ளி சுற்றுப்புற வெப்பம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் மாலையில் ஓட்டும்போது நிம்மதியாக இருந்த அதே கார், 40 டிகிரியைத் தொடும் தருமபுரி மதியத்தில் ஐந்தே நிமிடத்தில் கைவைக்க முடியாத சூட்டுக்குப் போவதில் வியப்பில்லை.

ஆகவே மூடிய மோட்டாரில் நிக்கலுக்கு வைத்த பினியனை (மோட்டார் அச்சிலுள்ள சிறு பற்சக்கரத்தை) மாற்றாமலேயே லிப்போவை மாட்டுவது நான்கு ஜோடிகளிலும் மோசமானது. வேகம் உடனே கூடும் என்பதால் பலரையும் அதுதான் ஈர்க்கிறது. ஆனால் சூட்டில் பிரஷ் வேகமாகத் தேய்ந்து, அதைத் தாங்கும் செப்புக்கை கம்யூட்டேட்டரைத் தொட்டுவிட்டால் மோட்டாரின் கதை முடிந்தது. மாட்டியே தீர வேண்டுமென்றால் பினியனில் இரண்டு பல் குறைத்து, ஓடி முடித்ததும் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, தேவையானால் இன்னொரு பல் குறைக்க வேண்டும். மூடிய மோட்டாரும் நிக்கலும் பள்ளிப் பிள்ளைகளுக்கும், மாதத்துக்கு ஒரு முறை ஓட்டுபவர்களுக்கும் தாராளமாகப் போதும். அங்கே மோட்டாரைத் தேய்மானப் பொருளாகவே நினைத்து, தேய்ந்தால் புதிது வாங்கிவிடலாம்.

பிரித்துக் கட்டும் மோட்டாரும் லிப்போவும் சேர்ந்ததுதான் வாரந்தோறும் பந்தயத்துக்குப் போகிறவருக்கு என் தேர்வு, கடைசலுக்கு வழியிருக்கும் பட்சத்தில். வெள்ளி கலந்த பிரஷ் வேகம் தரும், ஆனால் கம்யூட்டேட்டரைச் சீக்கிரம் தின்னும். செம்மண் தரைக்குச் சாதாரணச் செம்புக் கலவைப் பிரஷ்ஷும், டைமிங்கைச் சற்றே குறைத்து வைப்பதும் போதும். கடைசலுக்கு வழியில்லாதவர் அதே மோட்டாரை நிக்கலில் ஓட்டலாம்; கம்யூட்டேட்டர் இன்னும் கொஞ்சம் நாள் தாக்குப்பிடிக்கும்.

எந்த ஜோடியானாலும், மோட்டாரின் இரு மின்முனைகளுக்கு இடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் டப்பாவுக்கு ஒன்று என 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் மூன்றையும் பற்றியிருக்க வேண்டும். இல்லையேல் பிரஷ்ஷின் பொறி ரேடியோவைக் குழப்பும். மோட்டாரோடு வரும், ஒரு திசையில் மட்டுமே கரண்டை விடும் ஷாட்கி டயோடை மட்டும் ரிவர்ஸ் உள்ள ஸ்பீடு கன்ட்ரோலரோடு சேர்க்கக் கூடாது. ரிவர்ஸ் கொடுத்த கணமே டயோடு ஷார்ட் ஆகி, கன்ட்ரோலரையும் கூட்டிக்கொண்டு போகும்.