பாய்ஹியாவா, கைகோராவா?

நியூசிலாந்துக் கடலோரத்தில் நான்கு நாள் தங்க வேண்டுமென்றால் இந்த இரண்டில் ஒன்று.

வட தீவின் பாய்ஹியாவுக்குப் பக்கத்திலேயே வைதாங்கி. 1840 பிப்ரவரி 6 அன்று நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் உடன்படிக்கை செய்துகொண்ட மண். கவுரி மரங்களைக் குடைந்து செய்த, 35 மீட்டர் நீளமுள்ள போர்ப்படகைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். அருகிலுள்ள சிறு தீவுகளுக்கிடையே கயாக் என்னும் துடுப்புப் படகு செலுத்தலாம், கோடையில் நீந்தலாம்.

தென் தீவின் கைகோராவில் குளிர் அதிகம். ஆனால் கரையருகிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு இருப்பதால் ஸ்பெர்ம் திமிங்கிலங்களை ஆண்டு முழுவதும் காணலாம். அந்தப் படகுச் சுற்றுலாவை 1987இல் தொடங்கியவர்கள் உள்ளூர் மாவோரிக் குடும்பத்தினர். அதற்காகத் தங்கள் வீடுகளையே அடமானம் வைத்தார்கள்!

சிறு குழந்தைகள் உடன் வந்தால் பாய்ஹியா. என் மனம் சாய்வதோ கைகோரா பக்கம்: அங்கே கடலைக் காட்டுகிறவர்கள் அந்தக் கடலுக்கே உரியவர்கள்.