ஆட்டோபைலட் பட்டன்களை நானே சரிசெய்து 5 ஆண்டுகள்: எது நின்றது, எது நிற்கவில்லை

என் பாய்மரப் படகின் ஆட்டோபைலட்டில் (தானாகவே சுக்கானைப் பிடித்துப் படகைச் செலுத்தும் கருவி) முதலில் தேய்ந்தது ஸ்டாண்ட்பை பட்டன். சுக்கானை நம் கைக்குத் திருப்பித் தருவது அதுதான் என்பதால் மற்ற எல்லா பட்டன்களையும்விட அதிகம் அழுத்தப்படும். ஒரு காலையில் நேர் எதிரே மீன்வலை மிதவை ஒன்று தெரிந்தது. ஸ்டாண்ட்பையை நான்கு முறை அழுத்தியும் கேட்கவில்லை, ஐந்தாவது முறைதான் கேட்டது. அன்று மாலையே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன்.

அந்த மாடலின் தயாரிப்பை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது, மாற்று கீபேட் கிடைக்கவில்லை. பட்டன்கள் இருக்கும் கன்ட்ரோல் ஹெட்டை மட்டும் புதிதாக வாங்கலாம் என்றால் பழைய இணைப்போடு அது பேசாது. ஒரு பட்டனுக்காக மொத்த அமைப்பையும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

படகுக் கருவிகளில் நான் திறந்து பார்த்தவரை பட்டன்கள் இரண்டு வகை. ஒன்றில் சிலிக்கோன் ரப்பர் விரிப்பு இருக்கும், ஒவ்வொரு பட்டனின் அடியிலும் கறுப்பாக ஒரு சிறு கார்பன் வில்லை இருக்கும். அழுத்தும்போது வில்லை சர்க்யூட் போர்டில் பட்டு, சீப்புப் பற்கள்போல எதிரெதிரே நிற்கும் இரண்டு தடங்களை இணைக்கும். இன்னொன்றில் போர்டிலேயே சாலிடர் செய்த குட்டி சுவிட்ச் இருக்கும், அதன்மேல் ரப்பர் வெறும் மூடிதான். என்னுடையது முதல் வகை.

மின்சாரத்தைத் துண்டித்து, ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டே பிரித்தேன். போர்டின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு, அதன் பக்கத்தில் லேசான பச்சை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு துடைத்ததில் மற்ற பட்டன்கள் உயிர்பெற்றன, ஸ்டாண்ட்பை மட்டும் அப்படியே இருந்தது. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வில்லையில் வைத்துப் பார்த்தேன். நல்ல பட்டன்களில் 150 ஓம் அளவு, ஸ்டாண்ட்பையில் 9 கிலோ ஓம்.

முதலில் அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டினேன். மூன்று வாரம்தான் வந்தது. அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடு மின்சாரம் கடத்தாது, உப்புக்காற்றில் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். அடுத்து கிராஃபைட் பெயின்ட். ஒரு பருவம் முழுக்க நன்றாக வேலை செய்தது, அப்புறம் ரப்பர் வளைந்து வளைந்து பூச்சு வெடித்து உதிர்ந்தது.

நிலைத்தது மூன்றாவது வழி. டிவி ரிமோட் பழுதுபார்க்க விற்கும் கடத்து ரப்பர் வில்லைகளை வாங்கி, சிலிக்கோன் பசையால் ஒட்டினேன். சிலிக்கோன்மேல் சிலிக்கோன் பசைதான் பிடிக்கும், சாதாரண சூப்பர் க்ளூ உரிந்து வந்துவிடும். பழைய வில்லையைச் சீவி எடுத்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும். நான் முதல் தடவை அதன் மேலேயே ஒட்டி, உயரம் கூடி, பட்டன் எப்போதும் அழுத்தியபடியே நின்றது. ஒட்டி ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டேன். நான்காண்டுக்கு மேல் ஆகிறது, போன மாதம் அளந்தபோதும் 200 ஓமுக்குள்தான்.

ஆனால் பட்டன் வேலை செய்வதைவிட, வெளியே இருக்கும் ரப்பரில் கீறல் இல்லாமல் இருப்பதுதான் எனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. வெயிலில் ரப்பர் வறண்டு, பட்டனின் அடிவிளிம்பில் முடிபோல விரிசல் விழுகிறது. ஒவ்வொரு அழுத்தலும் அந்த வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கிறது. தேய்ந்த வில்லையால் ஒரு பட்டன்தான் போகும், உள்ளே போன உப்புநீர் போர்டையே தின்றுவிடும். அதனால் விரிசல் கண்ணில் பட்ட அன்றே மெல்லிய சிலிக்கோன் பூச்சு கொடுத்துவிடுகிறேன். காய்கையில் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோனை மட்டும் தொடாதீர்கள். அதில் வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். ஆழமானியில் அதைப் பயன்படுத்தி இரண்டே மாதத்தில் தடங்கள் பச்சையானதைப் பார்த்துவிட்டேன். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். சன்ஸ்கிரீன், கொசு விரட்டி பூசிய கையோடு பட்டனைத் தொடுவதையும் நிறுத்தினேன்.

அந்த ஆழமானி இரண்டாவது வகை. 6×6 மில்லிமீட்டர் சுவிட்ச் இரண்டை மாற்றினேன். தண்டின் உயரம் மட்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், மற்றபடி சாலிடரிங் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

மூடுவதற்கு வறண்ட நாளாகப் பார்க்கவும், இல்லையென்றால் உள்ளே சிக்கிய ஈரம் குளிர்ந்த இரவில் கண்ணாடியில் பனியாகப் படியும். பனி படியாமல் இருக்க நைட்ரஜன் வாயு அடைத்த திரைகளை நான் திறப்பதே இல்லை.

மற்ற படகுகளோடும் கரையோடும் பேசும் விஎச்எஃப் ரேடியோவின் சிவப்பு அபாய பட்டனிலும் நான் கை வைக்கவில்லை. மூடியைத் திறந்து சில நொடி அழுத்தினால் 70-ஆம் சேனலில் உண்மையான அபாய அழைப்பு போய்விடும். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று அதை அழுத்திப் பார்க்க வழியே இல்லை. உயிர் போகும் நேரத்தில் அழுத்தும் பட்டன் அது. ரப்பர் தளர்ந்ததும் சர்வீஸுக்குக் கொடுத்தேன்.

ஸ்டாண்ட்பை இப்போது முதல் அழுத்தலிலேயே கேட்கிறது. பத்து டிகிரி திருப்பும் வலப்பக்க பட்டன் 2 கிலோ ஓமுக்கு ஏறியிருக்கிறது. வில்லைகள் மீதம் இருக்கின்றன, அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது அதையும் மாற்றிவிடுவேன்.