வழவழ வெள்ளைப் பந்து: ஒரு வருஷம் ஆடிப் பார்த்ததில்

பூல் ஆட்டத்தில் குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்துக்கு மட்டும் பாலிஷ் போட்டு ஆட ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஆடுவது பெரும்பாலும் ஒன்பது வண்ணப் பந்துகளை வைத்து ஆடும் நைன்பால். டேபிள், துணி, குச்சி எதையும் மாற்றவில்லை. ஆகவே ஆட்டத்தில் வந்த மாற்றத்தைப் பந்தின் கணக்கிலேயே எழுதலாம்.

முதலில் கண்ணில் படுவது டிரா, அதாவது இன்னொரு பந்தில் மோதியபின் வெள்ளை பின்னோக்கித் திரும்பி வருவது. பந்தின் அடியில் அடித்துக் கொடுக்கும் பின்சுழற்சியை, போகிற வழியிலேயே துணியின் உராய்வு தின்றுவிடும். வழுக்கும் பந்தில் அந்த இழப்பு குறைவு. டேபிளின் மறுகோடியில் இருக்கும் பந்தை அடித்தாலும் திரும்பி வரச் சுழற்சி மிச்சமிருக்கிறது. "கை நல்லா வந்துடுச்சே" என்றார்கள் கூட ஆடுபவர்கள். கையில் ஒன்றும் புதிதாக வந்துவிடவில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. மோதிய பிறகும் வெள்ளை துணியைப் பிடிக்க நேரமெடுக்கிறது. விலகும் திசையிலேயே இன்னும் கொஞ்சம் வழுக்கிப் போய், அப்புறம்தான் வளைகிறது. பக்கத்தில் வேறு பந்து நின்றால் நேராக அதில் போய் முட்டும். அடுத்த ஷாட்டுக்கு வெள்ளையை எங்கே நிறுத்துவது என்ற பொசிஷன் கணக்கெல்லாம் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

என்னை அதிகம் படுத்தியது மெதுவான கட் ஷாட், அதாவது பந்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் மோதிக் கோணமாக அனுப்புவது. இரண்டு பந்தும் உரசும்போது, அடிபட்ட பந்தை வெள்ளை தன் போக்கில் சற்று இழுக்கும். அதுதான் த்ரோ. அரைப்பந்து தடிமனில் (மற்ற பந்தின் பாதியில் மோதும்படி) மெதுவாக ஸ்டன் (மோதும்போது முன்சுழற்சியோ பின்சுழற்சியோ இல்லாத அடி) அடித்தால் சாதாரணப் பந்தில் ஐந்து டிகிரி வரைகூடப் போகும். பழைய ஆட்டக்காரர்கள் இதை யோசிக்காமலே சரிக்கட்டி, ஒரு பொட்டு மெல்லிசாகவே, அதாவது பந்தின் ஓரத்தை ஒட்டியே, குறிவைப்பார்கள். வழுக்கும் பந்தில் த்ரோ குறைவதால் அந்தச் சரிக்கட்டலே வினையாகி, பந்து அதிகமாக வெட்டுப்பட்டு பாக்கெட் ஓரத்தில் மோதித் திரும்பும். வேகமாக அடித்தால் வித்தியாசம் அவ்வளவு தெரியாது.

ஒட்டி நிற்கும் பந்துகளில் ஒன்றை அடித்து இன்னொன்றைப் பாக்கெட்டுக்கு அனுப்பும் காம்பினேஷன் ஷாட்டில் குழப்பம் வேறு மாதிரி. அங்கே உரசுவது பாலிஷ் இல்லாத இரண்டு வண்ணப் பந்துகள். அவற்றின் த்ரோ பழையபடிதான். ஆக ஒரே டேபிளில் இரண்டு கணக்கு! போதாததற்கு, எல்லா ஷாட்டிலும் அடிபடுவது வெள்ளைதான் என்பதால் அதன் பாலிஷ்தான் முதலில் தேயும். ஆட்டம் போகப்போக டிராவின் நீளம் மாறிக்கொண்டே வரும். மோதும் இடத்தில் குச்சி முனையில் தேய்க்கும் சாக்கின் தூள் ஒட்டியிருந்தால் பந்து திடீரென்று 'பிடித்துக்கொள்ளும்'. அதைப் பாலிஷ் முழுக்கத் தடுப்பதில்லை.

டிரிக் ஷாட் காட்ட வழவழப்பு நல்லது. அங்கே சிலிகான் தடவுவது ஊரறிந்த ரகசியம். போட்டிக்குச் சரிப்படாது. உலக அமைப்பான டபிள்யூ.பி.ஏ. விதிப்படி பந்துகளில் பாலிஷோ மெழுகோ இருக்கக் கூடாது. பூசியிருந்தால் நீர்த்த ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவத் தடையில்லை.

டிரா தூரமாக வரவேண்டும் என்பதற்காக மட்டும் பாலிஷ் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதையும் மீறிப் போடுவதென்றால், டேபிளில் இருக்கும் எல்லாப் பந்துக்கும் சேர்த்துப் போடுங்கள்.