ஹெட்லைட் ஒயரிங் மாத்தப் போறீங்களா? காசு கொடுக்குறதுக்கு முன்னாடி ரிலேயைப் பிடுங்கிப் பாருங்க

பழைய சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள், ராத்திரி லோடு அடிப்பவர்கள் இதை முழுதாகப் படியுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது 2008 மாடல் டாடா 207. அப்பா வாங்கியது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போவது வாரத்தில் நாலைந்து நாள் வேலை. லோடு கட்டிக் கிளம்பும்போதே ராத்திரியாகிவிடும், விடிவதற்குள் அங்கே இறக்கியாக வேண்டும். இந்த வண்டி பகலில் ஓடுவதைவிட இருட்டில் ஓடுவதுதான் அதிகம்.

ரெண்டு வருசமாகவே லைட் மங்கல். டிம்மில் போட்டால் ரோட்டோரக் கோடு கூடத் தெரியாது. பல்பு மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. இடது பக்க ஹோல்டர் பழுப்பேறி, ஒரு ஓரம் உருகியும் இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு அக்சசரீஸ் கடைக்கு வண்டியை விட்டேன். பெரிய கடை, வாசலில் எப்போதும் நாலு வண்டி நிற்கும்.

கடைக்காரர் பேனட்டைத் தூக்கிப் பார்த்தார். "பழைய வண்டி இல்லீங்களாண்ணா, கம்பெனி ஒயரிங் இனிமே தாங்காதுங்க. செராமிக் ஹோல்டர், ரிலே கிட்டு, ஹெவி காப்பர் ஒயர், நூறு தொண்ணூறு பல்பு, எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு. பகலாட்டம் அடிக்கும்ங்க" என்றார். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் தட்டிவிடும் சின்னச் சுவிட்ச் பெட்டி. அது எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன விளக்கம் உண்மையிலேயே சரியான விளக்கம். அதனால்தான் நம்பினேன்.

அந்த விளக்கத்தை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போகிற கரண்ட் முழுக்க ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் வழியாகச் சுற்றித்தான் பல்புக்கு வருகிறது. சாதாரண எச்4 பல்பு டிம்மில் 55 வாட், பிரைட்டில் 60 வாட். ரெண்டு பல்புக்கும் சேர்த்து 9, 10 ஆம்பியர். வருசக்கணக்கில் பாசி பிடித்த கிளிப்புகள், தேய்ந்த சுவிட்ச் பாயின்ட், துருப்பிடித்த எர்த், இவ்வளவையும் தாண்டி வரும்போது வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும். பல்புக்கு வர வேண்டிய வோல்டேஜில் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். ரிலே போட்டால் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயரில் பல்புக்கு கரண்ட் போகும். பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டிவிடுகிற வேலையை மட்டும் செய்யும், அதற்குக் கால் ஆம்பியர் கூடத் தேவையில்லை.

ரெண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. எல்லா ஒயரும் கறுப்பு டேப்பில் அழகாகச் சுற்றியிருந்தது. பையன் சுவிட்சைப் போட்டான், பேனட்டுக்குள்ளே 'டிக்' என்று சத்தம். "கேட்டுச்சுங்களாண்ணா, ரிலே வேலை செய்யுது" என்றான். வெளிச்சமும் பளிச்சென்று இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு பில் கேட்டேன். 'ஹெட்லைட் ஒர்க் 4200' என்று எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று கொடுத்தார்கள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம். முருங்கைக்காயும் தக்காளியும் லோடு. உடுமலை தாண்டி கோமங்கலம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன், ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ஏதோ கருகுகிற வாடை வந்தது. தோப்பில் மட்டை எரிக்கிறார்கள் போல என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த சில நிமிடத்தில் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சைத் தொட்டால் கை சுடுகிறது. கையை எடுப்பதற்குள் ரெண்டு லைட்டும் ஒன்றாக அணைந்துவிட்டது. அறுபதில் போகிற வண்டி, பின்னால் லோடு, எதிரே ஒன்றும் தெரியாத இருட்டு. பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அடித்தது. அந்த லாரியின் லைட்டு வெளிச்சத்தில்தான் ரோட்டு ஓரம் தெரிந்து இறக்கி நிறுத்தினேன். அது பின்னால் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

டேஷ்போர்டுக்குக் கீழே இருந்து புகை. சாவியைத் திருப்பி எடுத்தும் நிற்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் ஸ்பேனரைத் தேடி எடுத்து, பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. ரிஃப்ளெக்டர் முக்கோணத்தைப் பின்னால் வைத்துவிட்டு விடியும்வரை வண்டியோரமே உட்கார்ந்திருந்தேன். பாலக்காடு போய்ச் சேரும்போது மார்க்கெட் முடிந்திருந்தது. தக்காளிக்குப் பாதி விலைதான் கிடைத்தது.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் ஐயாவிடம் வண்டியைக் காட்டினேன். நாற்பது வருசமாக இதே வேலை செய்பவர். பிளேடு எடுத்து அந்தக் கறுப்பு டேப்பைக் கீறிக்கொண்டே போனார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சாமி, இங்க வந்து பாரு" என்றார்.

ரிலே இருந்தது. அதைத் தட்டிவிடுகிற 85, 86 என்கிற ரெண்டு காலிலும் ஒயர் கொடுத்திருந்தார்கள். அதனால்தான் டிக் சத்தம். பேட்டரி கரண்ட் உள்ளே வர வேண்டிய 30-ஆம் காலில் ஒரு சிவப்பு ஒயர், டேப்புக்குள் நாலு விரற்கடை போய் வெட்டி விடப்பட்டிருந்தது. பல்புக்குப் போக வேண்டிய 87-ல் ஒன்றுமே இல்லை. பல்பு எரிந்தது முழுக்க அதே பழைய ஒயரில், அதே பழைய சுவிட்ச் வழியாக. அதன் மேல் 100/90 பல்பு, அதாவது பிரைட்டில் 100 வாட், டிம்மில் 90 வாட். டிம்மிலேயே 15 ஆம்பியர், பிரைட்டில் அதற்கும் மேலே. அவ்வளவு இழுத்தால் ஃபியூஸ் போயிருக்க வேண்டுமே என்று கேட்டேன். ஐயா ஃபியூஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் குத்தியிருந்தது. ஒயர் உருகினாலும் ஃபியூஸ் போகாது. இதைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள். காசு ஏமாற்றியதைக்கூட மன்னித்துவிடலாம், இந்த ஒன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செராமிக் என்று சொன்ன ஹோல்டரைப் பிளேடால் சுரண்டினார். வெள்ளைப் பெயிண்ட் உரிந்து உள்ளே பழுப்பு பிளாஸ்டிக். ஹோல்டருக்கும் பழைய ஒயருக்கும் நடுவே ஒட்டிய "ஹெவி காப்பர்" ஒயரின் ஒரு இழையைச் சுரண்டினார். மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். தோலைத் தடிமனாகப் போட்டு ஹெவி என்று விற்கிறார்கள்.

வெட்டிய ஒயரோடு ரிலேயை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். முதலில் "தண்ணி போயிருக்கும்ங்க" என்றார்கள். ரிலேயைக் காட்டியதும் "பையன் மறந்திருப்பான்". கடைசியில், "பல்புக்கு மட்டும்தாங்க கேரண்டி". ஐநூறு ரூபாயை நீட்டினார். வாங்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் என் கையில் இருந்த துண்டுச்சீட்டில் கடைப் பேர் கூட இல்லை. நீங்கள் பில் வாங்கினால் ஹோல்டர் என்ன, ஒயர் என்ன சைஸ், பல்பு எத்தனை வாட், ரிலே எத்தனை என்று தனித்தனியாக எழுதி, கடை முத்திரையோடு வாங்குங்கள்.

ஐயா செய்த வேலையைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. ஒவ்வொன்றுக்கும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். 2.5 ஸ்கொயர் எம்எம் சுத்தச் செம்பு ஒயர். எர்த்தை பெயிண்ட் சுரண்டி போல்ட் போட்டு, அங்கிருந்து பேட்டரி மைனசுக்குத் தனி ஒயர். பல்பு சாதாரண 60/55 தான். "நூறு தொண்ணூறெல்லாம் எதிர்ல வர்றவன் கண்ணைப் பறிக்கும், ரோட்டுல போடவும் கூடாது, நமக்கு அது தேவையுமில்லை" என்றார். பழைய ஹோல்டர் உருகியதற்கும் பிளாஸ்டிக் காரணமில்லையாம். உள்ளே இருக்கும் டெர்மினல் லூசாகி, பிடிப்பில்லாமல் சூடாகியிருக்கிறது. செராமிக் போட்டாலும் டெர்மினல் லூசாக இருந்தால் அதே கதைதான்.

இன்ஜின் ஓட, லைட் போட்டு மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்தோம். பேட்டரியில் 14.0 வோல்ட், ஹோல்டரில் 13.4. மண்டி வாசலில் நின்ற இன்னொரு பழைய 207-ல் அதேபோல் வைத்துப் பார்த்தோம். பேட்டரியில் 14.0, ஹோல்டரில் 11.6. அந்த டிரைவர் பல்புதான் மட்டம் என்று மூன்று தடவை மாற்றியிருக்கிறார். கருகிய சுவிட்ச் உட்பட எனக்கு ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. முதலிலேயே இவரிடம் போயிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது.

வேலை முடிந்ததும் நீங்களே செய்யக்கூடிய சோதனை இது, கருவி எதுவும் வேண்டாம். லைட்டைப் போடுங்கள். டிம் ரிலேயைக் கையால் பிடுங்குங்கள். டிம் அணைய வேண்டும். பிரைட்டுக்கும் அப்படியே. பேட்டரி பக்கத்து ஃபியூஸை எடுத்தாலும் அணைய வேண்டும். ரிலேயைக் கையில் வைத்திருக்கும்போதும் லைட் எரிந்தால், அந்த ரிலே வெறும் சத்தத்துக்கு வைத்தது. டிக் சத்தத்தை நம்பாதீர்கள். டேப் சுற்றுவதற்கு முன்னால் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். முந்நூறு, நானூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். ஒரு பழைய பொலிரோ பிக்கப் பேனட்டைத் திறந்தபடி நின்றது, பையன் டேப் சுற்றிக்கொண்டிருந்தான். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய், டீக்கடையில் உட்கார்ந்திருந்த டிரைவர் தம்பியிடம் சொன்னேன். "காசு குடுக்குறதுக்கு முன்னாடி லைட்டப் போட்டுட்டு ரிலேயப் புடுங்கிப் பாருங்க தம்பி." டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வண்டிக்குப் போனார்.