சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் ஆறு சீசன்: என் 8×42 பைனாகுலர்

2019 டிசம்பரில் வாங்கியது. எந்த கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்று கீழே புரியும்.

புதிதாக வாங்குபவர்கள் எல்லோரும் கேட்பது, "8 போதுமா, 10 வாங்கவா?" 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் லென்ஸின் அகலம், மி.மீ.-இல். சதுப்புநிலத்துக்கு 8 தான். 10-இல் பறவை பெரிதாகத் தெரியும், கூடவே கை நடுக்கமும் பெரிதாகும். சாலையோரம் நிற்கும்போது பின்னால் தண்ணீர் லாரி போனால் பைனாகுலருக்குள் உள்ளான் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவை) கூட்டமே குதிக்கும். அப்புறம் வெளிச்சம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ., கண்ணுக்குள் விழும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 10×42-இல் 4.2 தான். விடியற்காலையில் அந்த வித்தியாசம் தெரியும்.

பூநாரை, கூழைக்கடாவுக்கெல்லாம் எந்தக் கண்ணாடியும் போதும். சோதனை உள்ளான்களிடம்தான். பொரி உள்ளானின் வெள்ளைப் புருவமும் முதுகுப் பொட்டுகளும் கிட்டத்தில் பளிச்சென்று தெரிகின்றன. பச்சை உள்ளானோ என்று சந்தேகம் வந்தால் அது பறக்கும்வரை காத்திருப்பேன். இறக்கையின் அடிப்புறம் கருத்திருந்தால் பச்சை உள்ளானேதான். கொசு உள்ளானிடம் மட்டும் இன்றுவரை தோற்கிறேன். எந்த வகை என்று அறிய, கால் கருப்பா மஞ்சளா என்று பார்க்க வேண்டும், அந்தக் காலிலோ எப்போதும் சேறு! அதற்கு முக்காலியோடு ஸ்பாட்டிங் ஸ்கோப் (இன்னும் பெரிதாகக் காட்டும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி) வேண்டும்.

முதல் சீசன் முழுக்க எல்லாப் பறவையும் கருநிழலாகவே தெரிந்தது. கண்ணாடியைத்தான் திட்டினேன். நான் நின்றது வேளச்சேரி–தாம்பரம் சாலை, சதுப்புநிலத்துக்கு மேற்கே. காலை வெயில் நேரே முகத்தில். அதே இடத்துக்கு மாலை நாலரைக்குப் போனேன், நீலத் தாழைக்கோழியின் நீலம் அன்றுதான் சரியாகத் தெரிந்தது. மழை முடிந்ததும் ஓடாதீர்கள், தண்ணீர் ஆழமாக இருக்கும். நீர் வடிந்து சேறு தெரியும் ஜனவரிக்குப் பிறகுதான் உள்ளான்கள் கரைக்கு வரும்.

இப்போது குறை. 2021 மழைக்காலத்தில் வலது குழாய்க்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. பெட்டியில் 'நீர் புகாது' என்று எழுதியிருந்தது. கம்பெனியில் கேட்டால், பூஞ்சைக்கு வாரண்டி இல்லையாம். கைக்காசு போட்டுச் சுத்தம் செய்தேன். அன்றிலிருந்து துணிப்பையில் வைப்பதில்லை. மூடி இறுகும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல்.

கண் வைக்கும் ரப்பரும் போன வருடம் தளர்ந்துவிட்டது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டியிருக்கிறேன், கம்பெனி ரப்பரைவிட நன்றாகப் பிடிக்கிறது.